மின்னலின் மூன்றாங்குரல்

(சொற்பொழிவு)



மின்னலுக்கு இரண்டு வெளிப்பாடுகள் உண்டென்பதைச் சிறுபிள்ளையும் அறியும். ஒன்று ஒளி, மற்றொன்று இடி. இடியோசை பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கேட்பது அரிது. ஒளியோ இருண்ட இரவில் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் தொடுவானில் பளிச்சிடும். அதற்கும் மேற்பட்டால் நிலவுலகின் வளைவு அதனை மறைத்துவிடும். இவ்விரண்டையும் கடந்த மூன்றாவது குரல் ஒன்றும் மின்னலுக்கு உண்டு. அது காதிற்குக் கேளாது, கண்ணிற்குத் தோன்றாது. ஆயினும் ஒருமுறை எழுந்தால் ஞாலம் முழுவதையும் சுற்றி வந்து, தான் எழுந்த இடத்தையே மீண்டும் கடந்து செல்ல வல்லது. ஆப்பிரிக்காவின் காங்கோக் காட்டின்மேல் வெட்டிய வலிய மின்னல் ஒன்றை, அங்கேரி நாட்டு ஊர்ப்புறத்தில் நட்ட ஒரு கோலும், சப்பானின் வடதீவில் வைத்த ஒரு கம்பிச்சுருளும் ஒரு நொடிக்குள் அறிந்துகொள்கின்றன. அக்குரலைப் பற்றியதே இன்றைய பொழிவு.

இப்பொருளைப் பேச வேண்டிய கரணியம் ஒன்று உண்டு. 'நிலவுலகின் நெஞ்சத்துடிப்பு' என்றொரு பேச்சு அண்மை ஆண்டுகளில் ஊரெங்கும் உலவுகின்றது. உலகம் நொடிக்கு 7.83 முறை துடிக்கின்றதாம். அத்துடிப்போடு மாந்தனின் மூளை இணைந்துவிட்டால் நோய் நீங்குமாம், அமைதி பிறக்குமாம். இணைத்துத் தருவதற்கென ஒரு சிறு பெட்டியும் விற்பனைக்கு உண்டாம். இப்பேச்சில் அந்த எண் மட்டும் மெய். எண்ணைச் சுற்றிக் கட்டிய கதை பொய். மெய்யான எண்ணைக் கடைமுகப்பில் வைத்துப் பொய்யை உள்ளே விற்பது பழைய வணிகமே. அந்த எண் எங்குப் பிறந்தது என்பதை அறிந்தவரிடம் இவ்வணிகம் நடவாது. அது பிறந்த இடம் மின்னல்.

முகிலின் உள்ளே மேலெழும் காற்றில் சிறு பனித்துகள்களும் சற்றுப் பெரிய பனிமணிகளும் ஒன்றோடொன்று உரசிக்கொள்கின்றன. அவ்வுரசலில் மின்னூட்டம் பிரிகின்றது. பெரும்பாலும் நேர்மின் மேலே சென்று சேர, எதிர்மின் கீழே தங்கும். பிரிந்தவை மீண்டும் கூடத் துடிக்கும் வேகமே மின்னல். நிலத்தைத் தாக்கும் ஒரு வீச்சில் முப்பதாயிரம் ஆம்பியர் அளவிற்கு மின்னோட்டம் பாய்வது வியப்பன்று. பிரெஞ்சு நாட்டிலும் அமெரிக்காவிலும் 1752ஆம் ஆண்டில்தான் மின்னலும் ஆய்வுக்கூட மின்பொறியும் ஒரே பொருள் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆங்கிலேயர் அவ்வாற்றலுக்கு வைத்த பெயரோ அம்பர் என்னும் மரப்பிசினைக் குறித்த கிரேக்கச் சொல்லினின்று வந்தது; உரசிய பிசின் துரும்பை இழுத்த கதை அது. தமிழர் 'மின்' என்னும் தம் பழஞ்சொல்லையே அவ்வாற்றலுக்கும் பெயராக்கிக் கொண்டனர். வானத்து மின்னும் கம்பியில் ஓடும் மின்னும் ஒன்றே என்பதை அப்பெயரே சொல்லிவிடுகின்றது!

உலகம் முழுவதும் நொடிக்கு எத்தனை மின்னல்கள் வெட்டுகின்றன? 1925இல் புரூக்சு என்னும் ஆங்கில வானிலையறிஞர், இடி கேட்ட நாள்களின் பதிவைக் கொண்டு கணக்கிட்டு, நொடிக்கு நூறு என்றார். எழுபது ஆண்டுக் காலம் அந்நூறே நூல்தோறும் எழுதப்பட்டு வந்தது. 1995இல் ஏவிய செயற்கைக்கோள் ஒன்று வானினின்று எண்ணிப் பார்த்தபோது அது ஏறத்தாழ நாற்பத்து நான்காகக் குறைந்தது. பாதியாகக் குறைந்தாலும் நாளொன்றுக்கு முப்பத்தெட்டு நூறாயிரம் மின்னல்!

ஒவ்வொரு மின்னலும் மின்காந்த அலைகளை எழுப்புகின்றது. பழைய வானொலிப் பெட்டியில் பாட்டிற்கு நடுவே 'கரகர' வென்று கேட்குமே, அது அவ்வலைதான். நடுவலை வானொலி நொடிக்குப் பத்து நூறாயிரம் அளவில் அலைவது; அதன் அலைநீளம் முந்நூறு மீட்டர். மின்னலோ அத்தகைய அலைகளோடு, நொடிக்கு எட்டு முறையும் பத்து முறையும் மட்டுமே அலையும் நீள் அலைகளையும் எழுப்புகின்றது. நொடிக்கு மூன்று முதல் நூறு வரை அலைவன இவை. மிகத்தாழ் அலைவெண் அலைகள் என்பது இவற்றின் பெயர். இவற்றின் நீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். நொடிக்கு ஏழரை முறை அலையும் ஓர் அலையின் நீளம் நாற்பதாயிரம் கிலோமீட்டர். நிலவுலகின் சுற்றளவும் அதுவே. இத்துணை நீண்ட அலை வழியில் இழக்கும் ஆற்றல் மிகச் சிறிது. உலகை ஒருமுறை சுற்றிய பின்னும் அளந்தறியத்தக்க வலிமை அதனிடம் எஞ்சியிருக்கும்.

இத்தகைய அலையை மாந்தர் செயற்கையாக எழுப்ப முயன்ற கதை ஒன்றுண்டு. கடலடியில் மறைந்து செல்லும் போர்க்கலங்களுக்குச் செய்தி அனுப்ப, கடல்நீரை ஊடுருவும் அலை வேண்டியிருந்தது. அமெரிக்கப் படையினர் விசுகான்சின், மிச்சிகன் மாநிலங்களின் காடுகளில் பல பத்துக் கிலோமீட்டர் நீளத்திற்குக் கம்பி இழுத்து, நொடிக்கு 76 முறை அலையும் அலையை எழுப்பினர்; 2004இல் அதனை நிறுத்தினர். அத்துணைப் பெரிய அமைப்பினின்று அலையாகப் புறப்பட்ட ஆற்றல் ஒரு சிறு விளக்கை ஏற்றும் அளவினதே. வானத்து மின்னல் நொடிக்கு நாற்பது முறை ஓசையின்றிச் செய்வதை மாந்தர் காட்டை வெட்டியும் அரைகுறையாகவே செய்ய முடிந்தது.

சரி, இவ்வலை வான்வெளிக்குத் தப்பி ஓடாமல் உலகையே சுற்றுவது எங்ஙனம்? கீழே நிலமும் கடலும் மின்னைக் கடத்துவன. மேலே, பகலில் 60, இரவில் 90 கிலோமீட்டர் அளவு உயரத்தில், கதிரவனின் கதிர்கள் காற்றணுக்களைச் சிதைத்து மின்துகள் ஆக்கிய படலம் ஒன்று உண்டு. அம்மின்படலமும் மின்னைக் கடத்தும். தரைக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளியே அலை ஓடும் அறை. அவ்வறை எத்துணை ஒடுங்கியது என்பதை ஒரு குடத்தால் உணரலாம். நிலவுலகை அறுபத்து நான்கு விரற்கடை ஆரமுள்ள ஒரு பெருங்குடமாகக் கொண்டால், அதன்மேல் ஒரு விரற்கடைக்கும் குறைவான இடைவெளி விட்டு மற்றொரு மெல்லிய ஓடு மூடியிருப்பது போன்றது அது. அந்த ஒடுங்கிய இடைவெளியில்தான் நம் முகிலும் மழையும் மின்னலும் எல்லாம்.

குடத்தின் வாயில் ஊதினால் அக்குடத்திற்கே உரிய ஓசை ஒன்று எழும். பெரிய குடத்திற்குத் தாழ்ந்த ஓசை. சிறிய குடத்திற்கு உயர்ந்த ஓசை. ஊதுகின்றவன் யாராயினும் ஓசையைத் தீர்மானிப்பது குடத்தின் அளவே. முழவைத் தட்டினாலும் அஃதே. உலகைச் சூழ்ந்த இவ்வறைக்கும் அதற்கே உரிய ஓசைகள் உண்டு. மின்னல் எழுப்பிய பல்வேறு அலைகளில், உலகைச் சுற்றி வந்து தம்மோடு தாமே பொருந்துவன வலுப்பெறும். பொருந்தாதன தேய்ந்து மறையும். வலுப்பெறும் இந்நிலையே ஒத்ததிர்வு.

இதனை முதலில் எண்ணிப் பார்த்தவர்களுள் அயர்லாந்து அறிஞர் பிட்செரால்டு ஒருவர். மேலே மின்கடத்தும் படலம் இருக்குமாயின் உலகின் மின்னலைவு பத்தில் ஒரு நொடி அளவினதாக இருக்கும் என்று 1893இலேயே அவர் கணக்கிட்டார். அப்படலம் உண்டென்று கென்னெல்லியும் எவிசைடும் கூறியது 1902இல். ஆப்பிள்டன் மெய்ப்பித்தது 1924இல். தெசுலா உலகையே மின்னால் அதிர வைக்க முயன்ற கதைகளைப் பலர் சுவையாகச் சொல்வர். ஆனால் கணக்கைச் செம்மையாக முடித்தவர் செருமனியின் மியூனிக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வின்பிரீடு ஆட்டோ சூமன். ஆண்டு 1952. கூரையும் தரையும் குறையின்றி மின்கடத்துவன எனக் கொண்டால் முதல் ஓசை நொடிக்குப் பத்தரை அலைவுக்கு மேல் வரவேண்டும். உண்மைக் கூரையோ சற்றே ஒழுகுகின்ற கூரை. அலையின் ஆற்றலை ஓரளவு உறிஞ்சி, அதன் விரைவையும் குறைத்துவிடும். ஆகவே ஏறத்தாழ எட்டாகத் தாழ்கின்றது. அடுத்தடுத்த ஓசைகள் ஏறத்தாழ 14, 20, 26, 33. சூமனின் மாணவர் கேர்னிகு அளந்து பார்க்கத் தொடங்கினார். ஐயத்திற்கிடமின்றி அவ்வோசைகளை வரைந்து காட்டியோர் அமெரிக்காவின் மாசாச்சூசெட்சில் ஆய்வு செய்த பால்சரும் வாக்னரும் ஆவர். அது 1960ஆம் ஆண்டு.

இரண்டே ஆண்டில் அக்கருவிகளுக்கு வேறொரு வேலை வந்து சேர்ந்தது. 1962 சூலை 9ஆம் நாள் அமெரிக்கப் படையினர் பசிபிக்குப் பெருங்கடலின்மேல் நானூறு கிலோமீட்டர் உயரத்தில் அணுகுண்டொன்றை வெடித்தனர். வெடித்த மறுகணமே உலகக் குடத்தின் ஓசை சற்றுத் தாழ்ந்ததை ஆய்வர் தம் பதிவில் கண்டனர். வானத்துக் கூரையையே மாந்தன் ஒருகணம் ஆட்டிவிட்டான்! பெருமைப்படுவதற்கில்லை.

இனி, இக்குரலைக் கேட்பது எங்ஙனம்? இதில்தான் அருமை இருக்கின்றது. இவ்வலையின் காந்தப்புலம், காந்தஊசியை வடக்கு நோக்கி நிறுத்துகின்ற நிலவுலகின் காந்தப்புலத்தில் நான்கு கோடியில் ஒரு பங்கு அளவினது. அதனைப் பிடிப்பதற்கு ஒரு மீட்டர் இரண்டு மீட்டர் நீளமுள்ள, காந்தத்தை எளிதில் ஏற்கும் மாழைக்கலவைத் தண்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் செம்புக் கம்பியைப் பல பத்தாயிரம் சுற்றுச் சுற்றுகின்றனர். அத்தகைய சுருள்கள் இரண்டு வேண்டும்; ஒன்று வடக்குத் தெற்காகவும் மற்றொன்று கிழக்கு மேற்காகவும் கிடத்தப்படும். இரண்டிலும் படும் வலிமையை ஒப்பிட்டால் அலை வந்த திசை புலனாகும். சுருள்களை மண்ணில் புதைத்துவிடுதல் வழக்கம். ஏன்? தலைமுடி ஒன்றின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிற்குச் சுருளின் முனை நடுங்கினாலும் போதும். நிலவுலகக் காந்தத்திற்கு நடுவே ஏற்பட்ட அந்நடுக்கம், தேடி வந்த அலையைவிடப் பெரிய பொய்யலையைத் தோற்றுவித்துவிடும். அருகே ஒரு மரம் காற்றில் ஆடினால் அதன் வேரசைவு போதும். ஒரு மாடு நடந்து சென்றால் அதன் காலடி போதும்.

மின்புலத்தை அளப்பதற்கு வேறொரு கருவி: காப்பிட்ட கோலின் உச்சியில் அமைத்த மாழை உருண்டை. அதற்கும் தொல்லைகள் உண்டு. மழைத்துளி ஒவ்வொன்றும் சிறிது மின்னூட்டத்தைச் சுமந்து வந்து விழும், பனி விழும், பூச்சி வந்து மோதும். யாவற்றையும்விடப் பெருந்தொல்லை நம் வீட்டு மின்சாரமே. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அது நொடிக்கு 50 முறை அலைவது, அமெரிக்காவில் 60. சூமன் ஓசைகளின் பக்கத்திலேயே அது வந்து அமர்கின்றது. ஒரு வீட்டின் உட்புறத்தில் மின்கம்பிகள் எழுப்பும் காந்தப்புலம், இவ்வலையினுடையதைவிட நூறாயிரம் மடங்கு பெரிதாக இருத்தல் இயல்பு. ஆகவே ஆய்வர் மின்கம்பி எட்டாத இடங்களைத் தேடிச் செல்கின்றனர். இசுரேலின் நெகேவுப் பாலைநிலத்து மிட்சுபே இரமோன், சப்பானின் ஒக்கைடோத் தீவிலுள்ள மோசிரி, தென்முனைப் பனிநிலத்தின் ஆய்வுப் பாடிகள் ஆகியன அத்தகையன. மேற்கு அங்கேரியின் நாட்சென்கு ஆய்வகத்தில் 1993 முதல் மின்புலப் பதிவு நடந்து வந்துள்ளது. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஒரே இடத்துப் பதிவு! ஒரு கருவியைப் புதிதாக அமைப்பது எளிது. முப்பது ஆண்டு அதனை அடிப்பளவு மாறாமல் காத்து வருவது அரிது. முன்னதற்குப் பரிசு உண்டு. பின்னதற்குப் பெரும்பாலும் இல்லை.

இப்போது அந்தப் பெட்டி வணிகத்திற்கு வருவோம். மேலே கூறிய அளவுகளை நினைவிற் கொள்க. தன் வீட்டுச் சுவரின் மின்கம்பி நூறாயிரம் மடங்கு உரக்கக் கூவிக்கொண்டிருக்க, அதனிடையே நான்கு கோடியில் ஒரு பங்கான முணுமுணுப்பு ஒருவரது மூளையை ஆளுகின்றது என்பதை எவ்வாறு ஏற்பது? மூளையின் மின்னலைவுகளுள் ஒருவகை நொடிக்கு எட்டு முதல் பதின்மூன்று வரை அலைவது உண்மை. செருமானிய மருத்துவர் பெர்கர் அதனைக் கண்டறிந்தார். அது நரம்பணுக்களின் உள்ளமைப்பால் விளைவது. குடத்தின் ஓசையோ உலகின் சுற்றளவால் விளைவது. எண் அருகருகே வந்துவிட்டதனாலேயே இரண்டிற்கும் உறவு கற்பித்தால், வாரத்திற்கு ஏழு நாள், இசைக்கு ஏழு சுரம் என்று அடுக்கிக் கொண்டே போக வேண்டியதுதான்!

மற்றொரு கதையும் உண்டு. உலகின் துடிப்பு எட்டினின்று பதினாறாகவும் நாற்பதாகவும் உயர்ந்துவிட்டதாம். அதனால் காலமே சுருங்கிவிட்டதாம். இதற்குச் சான்றாக உருசிய நாட்டுத் தோம்சுக்குப் பல்கலைக்கழகத்தின் வண்ணப்படங்களைக் காட்டுவர். அப்படத்தில் கிடைக்கோடு நேரம். நெடுக்குக்கோடு அலைவெண், சுழியத்தினின்று நாற்பது வரை. வண்ணம் காட்டுவது வலிமையை. கருவியின் அருகே ஏதோ இடையூறு நேர்ந்தால் படத்தின் அடிமுதல் முடிவரை வெள்ளை படரும். படம் நாற்பதோடு முடிவதனால் வெள்ளையும் நாற்பதோடு முடிகின்றது. அதைப் பார்த்துவிட்டு 'உலகம் நாற்பதில் துடிக்கின்றது' என்பது, ஏட்டின் ஓரம் வரை மை சிந்தியதைப் பார்த்துவிட்டு எழுத்து வளர்ந்துவிட்டது என்பதை ஒக்கும். ஓசை பதினாறாக வேண்டுமாயின் குடம் பாதியாகச் சுருங்க வேண்டும். நாற்பதாக வேண்டுமாயின் ஐந்தில் ஒன்றாக. அவ்வாறு நிலவுலகம் சுருங்கியிருந்தால் அதனைக் கூறுவதற்குப் பெட்டி வணிகர் எஞ்சியிருக்க மாட்டார்! உண்மையில் அலைவெண் மாறுவதெல்லாம் பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று அலைவு அளவே. கதிரவனின் பதினோராண்டுச் சுழற்சியில் அதன் ஊடுகதிர் மிகும்போது கூரையின் நிலை சற்று மாறுகின்றது. அதற்கேற்ப ஓசையும் சற்று மாறுகின்றது. அதுவும் ஓர் ஆய்வுப்பொருளே.

மாறாத அலைவெண்ணைவிட, மாறுகின்ற வலிமையே ஆய்வருக்குக் கருவூலம். ஏனெனில் குடத்தின் ஓசை எது என்பதைக் குடம் தீர்மானிக்கின்றது; எத்துணை உரக்க ஒலிக்கும் என்பதைத் தட்டுகின்ற கை தீர்மானிக்கின்றது. அந்தக் கை மின்னல். வலிமையை நாள் முழுவதும் பதிந்து பார்த்தால் மூன்று மேடுகள் தோன்றும். இந்திய நேரப்படி நண்பகல் கடந்து ஒன்றரை மணி அளவில் ஒன்று: அது தென்கிழக்காசியத் தீவுகளின் மாலை இடிமழை. இரவு ஏழரை மணி அளவில் ஆப்பிரிக்காவின் மாலை. நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி அளவில் தென்னமெரிக்காவின் மாலை. கதிரவன் நகர நகர, நிலத்தைச் சூடேற்றி, ஒவ்வொரு பெருநிலத்திலும் பிற்பகல் முகிலைக் கொதிக்க வைக்கின்றான். மூன்று அடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிகின்றன. ஓரிடத்தில் உட்கார்ந்து கொண்டே மூன்றையும் எண்ணலாம்.

இவ்வடுப்புகளை வேறுவழியில் முன்னரே உணர்ந்த ஒரு கப்பலும் உண்டு. காந்தத்தை அளப்பதற்கென, இரும்பைத் தவிர்த்து மரத்தாலும் வெண்கலத்தாலும் 1909இல் கட்டிய 'கார்னெகி' என்னும் அமெரிக்கக் கப்பல் அது. தெளிந்த வானத்தின் கீழும் நிலத்திற்கும் மேல்படலத்திற்கும் இடையே மின்புலம் உண்டு. கப்பல் எப்பெருங்கடலில் இருந்தாலும் அம்மின்புலம் உலகெங்கும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கியதைக் கப்பலில் இருந்தோர் அளந்தறிந்தனர். உலகத்து இடிமழைகள் யாவும் சேர்ந்து ஒரு மின்கலம் போல மேல்படலத்திற்கு மின்னூட்டுகின்றன என்று வில்சன் என்னும் அறிஞர் 1920இல் கூறியதற்கு இது வலுவான சான்றாயிற்று. அக்கப்பல் 1929 நவம்பரில் சமோவாத் தீவின் ஆப்பியாத் துறைமுகத்தில் எரிபொருள் ஏற்றும்போது வெடித்தழிந்தது. தலைவரும் உடன் மாண்டார். அம்மின்புலத்தை நெல்லைச் சீமையில் கிருட்டிணாபுரத்திலுள்ள புவிக்காந்த ஆய்வகத்தாரும் அளந்து ஆய்வுரைகள் வெளியிட்டுள்ளனர்.

நாற்பது மின்னல்களின் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதனால் பொதுவாகக் கேட்பது சந்தை இரைச்சலே, தனிக்குரல் பிரியாது. ஆயினும் இடையிடையே ஒரு வலிய மின்னல் சந்தைக்கு நடுவே பறையறைந்தாற்போல எழும். சப்பானிய அறிஞர் ஒகாவா 1960களில் இவற்றைத் தனியே பிரித்துக் காட்டினார். மின்புலம், காந்தப்புலம் இரண்டின் விகிதத்தைக் கொண்டு தொலைவையும், இரு சுருள்களைக் கொண்டு திசையையும் கணித்து, ஓரிடத்தினின்றே அம்மின்னல் வெட்டிய ஊரைக் குறிக்கலாம். 1989 சூலை 6ஆம் நாள் இரவு, மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தார் தற்செயலாக ஓர் அரிய காட்சியைப் படம்பிடித்தனர். இடிமுகிலுக்கு மேலே, விண்ணை நோக்கி எழுந்த பெரும் ஒளிப்பிழம்பு அது. பிற்காலத்து வண்ணப்படங்களில் செந்நிறமாகத் தெரிந்தது. வானூர்தி ஓட்டுவோர் முன்னரே பலமுறை சொல்லியும் நம்பப்படாத காட்சி அது; வில்சன் 1925இலேயே கணக்கால் உரைத்ததும் அதுவே. அச்செம்பிழம்பு எழும் கணத்தில் கீழே வலிய நேர்மின் வீச்சொன்று நிலத்தைத் தாக்குகின்றது என்பதையும், அப்போது உலகக் குடம் அதிர்கின்றது என்பதையும் 1995இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

2022 சனவரி 15ஆம் நாள் இயற்கையே ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. தென்பசிபிக்கில் தோங்கா நாட்டை அடுத்த கடலடி எரிமலை வெடித்தது. சாம்பலும் கடல்நீரின் ஆவியும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் எழுந்தன. அச்சாம்பல் முகிலுக்குள் பதினொரு மணி நேரத்தில் 1,92,000 மின்னல்கள் எண்ணப்பட்டன. உச்சத்தில் நிமையத்திற்கு 2,615. நொடிக்கு நாற்பத்து மூன்று என்று கணக்கிட்டுக் கொள்க. உலகம் முழுவதும் சிதறி வெட்டுகின்ற மின்னலின் எண்ணிக்கை அளவு, ஒரே ஒரு மலையின்மேல்! பல்லாயிரங் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த சூமன் பதிவகங்களில் வலிமை உயர்ந்தது தெளிவாகப் பதிந்தது. வழக்கமான மூன்று அடுப்புகளுக்குப் புறம்பே, கடலின் நடுவே நான்காவது அடுப்பு ஒன்று திடீரென மூண்டதை, அதனைக் காணாத கருவிகள் அறிந்துகொண்டன.

இவ்வளவு பாடுபட்டு மின்னலை எண்ணுவதன் பயன் யாது? இந்தியாவில் ஆண்டுதோறும் ஈராயிரவருக்கு மேற்பட்டோர் மின்னலுக்கு இரையாகின்றனர். அவருள் பெரும்பாலோர் வயலில் உழைப்போர். அவர்களுக்கு உடனடி எச்சரிக்கை தருவது இவ்வலையின் பணியன்று. அதற்கு வேறு அலைவெண்ணில் இயங்கும் வலையமைப்புகள் உண்டு. இவ்வலையின் பணி நெடுங்காலக் கணக்கு. நிலம் சற்றுச் சூடேறினாலும் முகிலின் மேலெழுச்சி மிகும். மேலெழுச்சி சிறிது மிகுந்தாலும் மின்னல் பன்மடங்கு மிகும். 1992இல் மாசாச்சூசெட்சு தொழில்நுட்ப நிறுவனத்தின் எர்ல் வில்லியம்சு, உரோடு தீவு மாநிலத்தில் 1969 முதல் 1974 வரை பதிந்த சூமன் ஓசையின் வலிமையை வெப்பமண்டில நாடுகளின் வெப்பநிலையோடு ஒப்பிட்டார். பாகையின் சிறு பின்ன அளவு ஏற்ற இறக்கத்திற்கும் ஓசை இணங்கி ஏறி இறங்கியதைக் கண்டார். வெப்பமண்டிலம் முழுவதற்கும் ஒரே வெப்பமானி என்று அதனைக் குறித்தார். 2016இல் உலகத் தட்பவெப்பக் கண்காணிப்பிற்கு இன்றியமையாத அளவைகளின் பட்டியலில் மின்னலும் இடம்பெற்றது.

ஆனால் இவ்வெப்பமானியைக் கண்ணை மூடிக்கொண்டு படித்தல் தவறு. வெப்பம் மட்டுமே மின்னலை வளர்ப்பதன்று, புகையும் வளர்க்கும். இலங்கைக்குத் தெற்கே தொடங்கி மலாக்கா நீரிணை வரை செல்லும் கப்பல் வழியின்மேல், இருபுறத்துக் கடலைவிட ஏறத்தாழ இருமடங்கு மின்னல் வெட்டியதை 2017இல் ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. கடலில் வரைந்த கோடுபோல அது படத்தில் தெரிந்தது. கப்பலின் கந்தகப் புகைத்துகள்கள் முகில்நீரைச் சிறு துளிகளாக்கி, உயரே பனியாக ஏற்றிவிடுகின்றன. 2020 சனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு மூன்றரை விழுக்காட்டினின்று அரை விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் அவ்வழியின் மின்னலும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆகவே ஓசை உயர்ந்தது கண்டு உலகம் சூடேறிற்று என்றோ, தாழ்ந்தது கண்டு குளிர்ந்தது என்றோ ஒரே மூச்சில் கூறிவிட இயலாது. எந்த அடுப்பு, எந்த விறகு என்று பிரித்தறிய வேண்டும். அதற்குப் பல நிலையங்களின் பதிவைச் சேர்த்துக் கணிக்கின்றனர்.

அவ்வாறு சேர்த்துக் கணித்ததன் விளைவொன்று 2021இல் வெளிவந்தது. பசிபிக்குப் பெருங்கடலின் கிழக்குப் பகுதி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிதும் சூடேறும். எல்நீனோ என்று அதனைக் குறிப்பர். நம் பருவமழையையும் உலகின் பல நாட்டு விளைச்சலையும் அது அலைக்கழிக்கும். 1997-98இலும் 2015-16இலும் அது பேரளவில் மூண்டது. அவ்விரு முறையும், கடலின் சூடு உச்சத்தை எட்டுவதற்குப் பல திங்கள் முன்னரே, பெருநிலங்களின்மேல் மின்னல் மிகுந்துவிட்டதை வில்லியம்சும் உடனாய்வரும் கண்டனர். இரண்டே எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விதி வகுத்தல் இயலாது என்பதை அவர்களே அறிவர். முன்னதற்கும் பின்னதற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. அத்துணைப் பெரிய வெம்மை மீண்டும் மூளும்போது, கோலும் சுருளும் முன்கூட்டியே முணுமுணுத்தனவா என்று ஆய்வர் தம் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டுவர். அந்தத் திங்கள்களின் பக்கங்கள் வெற்றிடமின்றி நிரம்பியிருத்தல் வேண்டும்.